நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு சொல்

எழுபத்தொரு மணி நேரம் இருந்தது. வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு வந்த மின்னஞ்சல் அப்படித்தான் சொன்னது. ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்குச் செயலி மூடப்படும், அதற்குள் உங்கள் குறிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள், இத்தனை வருடம் கூட இருந்ததற்கு நன்றி. கீழே, இரண்டு கை கூப்பிய சின்னப் படம்.

"கும்பிட்டுக்கிட்டே கழுத்தைப் பிடிக்கிறான் பாரு," என்றார் மீட்டர்காரர்.

அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். மீட்டர்காரர் கருவிகளைப் பழுது பார்ப்பவர். கிணறு, ஆழ்துளைக் குழாய், மேல்நிலைத் தொட்டி என்று எங்கெங்கிருந்தோ புட்டிகள் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அனுப்புவார்கள். வேலையை எப்படிச் செய்வது என்று தடிமனான கையேடு ஒன்று சொன்னது. கையேட்டில் இல்லாததையெல்லாம் செயலி வைத்திருந்தது. எந்த மீட்டர் வெயில் ஏறினால் முரண்டு பிடிக்கும், எந்த ரசாயனப் புட்டியின் லேபிளை நம்பக்கூடாது, குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டில் ஏன் எதையும் வைக்கக்கூடாது. ஆறு வருடத்தில் 2,640 குறிப்புகள்.

ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் ஒரு நிறப் பட்டை. சோதித்துப் பார்த்துச் சரியாக வந்தால் பச்சை, சந்தேகம் இருந்தால் சிவப்பு. மேலாளரின் ஏற்பாடு அது. "ரோட்டுல சிக்னல் மாதிரி. பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும்," என்று சொல்லித்தான் தொடங்கி வைத்தார்.

மூத்த ஆய்வாளருக்குப் புரியவில்லை. அவள் அங்கே பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். லேபில் அவளுக்குச் சரியாக்கா என்று பெயர். தினமும் மாலை நாலரைக்கு மேசை மேசையாகப் போய் நிற்பாள். அன்றைக்கு எழுதிய குறிப்பைத் திறக்கச் சொல்லி, "சரியா, சந்தேகமா?" என்று கேட்பாள். வரும் பதிலைக் குறிப்பின் கடைசி வரியில் தட்டுவாள். சரி. அல்லது, சந்தேகம். ஆறு வருடமாக வேலைக்கு வந்த ஒருநாள்கூடத் தவறாமல் இதையே கேட்டால் பெயர் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

"நிறந்தான் இருக்கே அக்கா, அப்புறம் எதுக்கு வார்த்தை?" என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள்.

"வாயால சொன்னாத்தான் மனசுல நிக்கும்."

"பிள்ளைக்குப் பேரும் வச்சு, அதை நெத்தியிலயும் எழுதி ஒட்டுறாங்க," என்பார் மீட்டர்காரர்.

விஷயம் என்னவென்றால், அவள் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே நிறம்தான். காய்ந்த இலையின் நிறம். பிறந்ததிலிருந்தே அப்படி. அப்பா பக்கமும் அம்மா பக்கமும் சேர்ந்து வந்தால்தான் பெண்ணுக்கு இது வரும். இருநூறு பெண்களில் ஒருத்திக்கு. அதனால் ஒரு பெண்ணைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை. அந்த வகையில் அவளுக்கு அதிர்ஷ்டம்.

வேலையில் சேர்ந்த நாளில் ஒரு பாரம் கொடுத்தார்கள். அதில் பதினேழாவது கேள்வி: நிறங்களைப் பிரித்தறிய முடியுமா? அவள் 'ஆம்' கட்டத்தில் டிக் செய்தாள். பாரத்தின் அடியில், பொய்த் தகவல் தந்தது எப்போது தெரியவந்தாலும் வேலை பறிக்கப்படும் என்று அச்சிட்டிருந்தது. 'எப்போது' என்ற சொல்லுக்கு அடியில் கோடு வேறு.

அந்த டிக்கைத் தவிர அவள் வேறு பொய் எதுவும் எழுதியதில்லை. கரைசல் நிறம் மாறுகிற கணத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய சோதனைகள் உண்டு. அவள் அதையெல்லாம் மின்முனை போட்டு மீட்டரில் பார்த்தாள். கேட்டால், "கண்ணு ஏமாத்தும், மீட்டர் ஏமாத்தாது," என்றாள். மேலாளர் அதை ஒரு பெரிய கொள்கை என்று எடுத்துக்கொண்டார். அந்த வருட அறிக்கையில் தன் கொள்கையாகவே சேர்த்தும் விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் ஒரே கணினியைச் சுற்றி நின்றார்கள். குறிப்புகளை வெளியே எடுக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, நிறம், படம் எல்லாவற்றோடும் ஒரே கோப்பாக எடுக்கலாம். ஆனால் அந்தக் கோப்பைத் திறப்பதற்கு இதே செயலி வேண்டும். இன்னொன்று, வெறும் எழுத்தாக எடுக்கலாம். அது எந்தக் கணினியிலும் திறக்கும்.

"முதல் வழி யாருக்குங்க? சாவியைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுறவனுக்கா?" என்றார் மீட்டர்காரர்.

இரண்டாவது வழியில் எடுத்தார்கள். 2,640 குட்டிக் கோப்புகள் வந்து விழுந்தன. முதல் கோப்பைத் திறந்தவள் குட்டி. லேபில் வயதில் சிறியவள் என்பதால் அந்தப் பெயர். சேர்ந்து பதினேழு மாதம் ஆகிறது. பயிற்சிக்காலம் பதினெட்டு மாதம். நிரந்தரமாவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

"சார், கலர் இல்ல," என்றாள் குட்டி.

"இல்லன்னா?"

"வெறும் எழுத்து மட்டுந்தான் வந்திருக்கு. எது பச்சை, எது சிவப்புன்னு தெரியல."

மேலாளர் குனிந்து பார்த்தார். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து. அடுத்ததைத் திறக்கச் சொன்னார். அதுவும் அப்படித்தான்.

"அப்ப, நம்பக்கூடாதது எது, நம்பலாங்கிறது எதுன்னு…"

"எல்லாம் ஒரே குடும்பம் ஆயிருச்சு சார்," என்றார் மீட்டர்காரர்.

மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வருடத்துச் சந்தேகங்களும் ஆறு வருடத்து நிச்சயங்களும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. குட்டிதான் மெல்லக் கீழே நகர்த்திக்கொண்டே போனாள்.

"சார்… கடைசி வரியில 'சரி'ன்னு இருக்கு." இன்னொன்றைத் திறந்தாள். "இதுல 'சந்தேகம்'னு இருக்கு. இதுல சரி. சரி. சந்தேகம். சார், எல்லாத்துலயும் இருக்கு!"

ஐந்து தலைகளும் ஒரே சமயத்தில் திரும்பின. மூத்த ஆய்வாளர், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த ஒரு கண்ணாடிக் குவளையை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"மேடம்," என்றார் மேலாளர். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "எப்படித் தோணிச்சு உங்களுக்கு?"

"சும்மா… ஒரு பழக்கம் சார்."

"தன்னடக்கத்தைப் பாத்தீங்களா?"

பதினோரு மணிக்குள் தலைமையகத்துக்குக் கடிதம் போய்விட்டது. 'எங்கள் மூத்த ஆய்வாளரின் தொலைநோக்குப் பார்வை' என்று அதில் இருந்தது. அவளுக்குப் பார்வையைப் பற்றி யாரும் அதுவரை நற்சான்று கொடுத்ததில்லை. மதியம் இரண்டு மணிக்குப் பதில் வந்தது. திங்கட்கிழமை மூன்று மணிக்கு மற்ற ஒன்பது கிளைகளும் காணொளியில் கூடும். குறிப்புகளை எந்தச் செயலியிலும் மாட்டிக்கொள்ளாமல் வைத்திருப்பது எப்படி என்று அவள் பத்து நிமிடம் பேச வேண்டும்.

நாலு மணிக்குக் குட்டி தேடிப் பார்த்துக் கணக்குச் சொன்னாள். 2,318 குறிப்புகளில் சொல் இருக்கிறது. 322 குறிப்புகளில் இல்லை. அத்தனையும் போன வருடம் மூத்த ஆய்வாளர் கால் எலும்பு முறிந்து வீட்டில் கிடந்த நாற்பத்தொரு நாளில், கேட்க ஆளில்லாத குஷியில் ஆளாளுக்கு எழுதிக் குவித்தவை.

"ஆப் மூடுறதுக்குள்ள அந்த 322-ஐயும் ஒவ்வொண்ணா திறந்து, கலரைப் பாத்து, வார்த்தை போட்டுடணும்," என்றார் மேலாளர். "நாளைக்கு எல்லாரும் சாம்பிள் எடுக்கப் போறாங்க. மேடம், நீங்களே பண்ணிடுங்க. வீட்டுல இருந்தே பண்ணலாம். மத்தவங்க கையில குடுத்தா சொதப்பிடுவாங்க. உங்க கண்ணு ஒரு தடவை மேல போனாத்தான் எனக்கு நிம்மதி."

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது, "சரி சார்."

அவளுடைய விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள் கணவன். பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவன். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை அவள் அந்தக் கடைக்குப் போய், வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று சொல்லாமல், அட்டையில் இருந்த எண்ணைச் சொன்னாள். 'எண்ணா? நிறம் பேர் சொல்லுங்க' என்றதற்கு அதே எண்ணைத் திரும்பச் சொன்னாள். இரண்டே நிமிடத்தில் அவனுக்கு விளங்கிவிட்டது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவனைக் கட்டிக்கொண்டாள் என்று இன்றைக்கும் அவன் குறைபட்டுக்கொள்வதுண்டு.

சனிக்கிழமை மதியம் அவன் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தான். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். உலகம் முழுக்க எல்லோரும் அன்றைக்குத்தான் தங்கள் குறிப்புகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள் போல. ஒரு குறிப்பு திறக்க இருபது நொடி ஆயிற்று.

"பச்சை," என்றான் அவன். அவள் 'சரி' என்று தட்டினாள்.

"பச்சை. பச்சை. சிவப்பு. இது பச்சைதான், ஆனா கேவலமான பச்சை. இதை எவனாவது வீட்டுக்கு அடிச்சான்னா வந்த மாமியார் மறுநாளே கிளம்பிடுவாங்க."

"கதை வேண்டாங்க. பச்சையா, சிவப்பா?"

"பச்சை. ஏன் தாயே, சம்பளம் உனக்கு, கண்ணு என்னோடதா? உங்க மேனேஜர்கிட்ட எனக்கும் ஒரு தொலைநோக்குப் பார்வை வாங்கிக் குடேன்."

"வாங்கித் தரேன். அடுத்தது?"

நாலு மணி சுமாருக்கு, இருநூற்று மூன்றாவது குறிப்பில் அவன் நிறுத்தினான்.

"இது ரெண்டுமில்ல."

"ரெண்டுமில்லன்னா?"

"ஆரஞ்சு."

"சிவப்பு கொஞ்சம் வெளுத்திருக்கும். நல்லாப் பாருங்க."

"பதினாலு வருஷமா டப்பாவுல கலர் கலக்குறேன். என்கிட்டயேவா? இது ஆரஞ்சும்மா. சத்தியமா ஆரஞ்சு."

அவள் குட்டிக்குப் போன் போட்டாள். பின்னால் வண்டிச் சத்தமும் புட்டிகள் உரசும் சத்தமும் கேட்டன.

"குட்டி, இங்க ஒரு குறிப்பு ஆரஞ்சுல இருக்கே?"

"ஆமாக்கா. அது நீங்க பாக்க வேண்டியது."

"நானா?"

"பழைய குறிப்பு ஏதாவது இப்ப ஒத்துவரலன்னா, அதை ஆரஞ்சு ஆக்கிடுவோம்ல? நீங்க பாத்து முடிவு பண்ணுவீங்கன்னுதான். ரெண்டு வருஷமா அப்படித்தானே போடுறாங்க." குட்டி சிரித்தாள். "நீங்கதான் ஒண்ணுமே சொல்ல மாட்டீங்க. அக்கா ஒண்ணும் சொல்லலன்னா பழசே சரின்னு அர்த்தம்னு மீட்டர் அண்ணன் சொன்னார்."

"ஆமா ஆமா," என்றாள் அவள். "மறந்துட்டேன்."

லேபில் எழுதி வைக்காத ஒரு மரியாதை இருந்தது. ஒருவர் எழுதிய வாக்கியத்தை இன்னொருவர் அடிக்க மாட்டார்கள், திருத்த மாட்டார்கள். நிறத்தை மட்டும் மாற்றுவார்கள். பழைய குறிப்புகளில் அடியில் அவள் தட்டிய 'சரி' அப்படியே இருக்க, தலையில் பச்சை ஆரஞ்சாகியிருக்கிறது. ஏற்கெனவே சொல் எழுதிய குறிப்பை அவள் மறுபடி திறந்து கேட்டதில்லை. இரண்டு வருடமாக அவர்கள் அவளுக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். அவளுடைய மௌனத்தைப் பதிலாக வாங்கி வேலையும் பார்த்திருக்கிறார்கள்.

"அப்ப அந்த 2,318?" என்றான் கணவன்.

"அதையும் பாக்கணும்."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

மிச்சமிருந்த குறிப்புகளை முடித்து, அந்த 322-ஐயும் மறுபடி வெறும் எழுத்தாக எடுத்துவிட்டு, பழையவற்றைத் திறக்க ஆரம்பித்தார்கள். இருட்டியதும் நிறுத்திக்கொண்டார்கள். கண் சோர்ந்தால் தனக்கும் ஆரஞ்சு சிவப்பாகிவிடும் என்றான் அவன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மறுபடி உட்கார்ந்தார்கள். ஆரஞ்சு வந்தபோதெல்லாம் அவள் குறிப்பின் எண்ணை ஒரு தாளில் எழுதினாள். திரையைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. அவளைப் பொறுத்தவரை படமும் காய்ந்த இலைதானே.

பன்னிரண்டு மணிக்குப் பக்கம் வெறுமையானது. நடுவில் ஒரே ஒரு வரி.

"நன்றின்னு போட்டிருக்கான்," என்றாள் அவள்.

"என்ன நிறத்துல தெரியுமா?"

"சாம்பல்."

"அதுல மட்டும் நம்ம ரெண்டு பேரும் ஒத்துப் போறோம்," என்றான் அவன்.

ஏறக்குறைய 1,100 குறிப்புகள் பார்க்காமலே போயின. பார்த்தவற்றில் பத்தொன்பது ஆரஞ்சு.

திங்கட்கிழமை எட்டரைக்கே அவள் அந்தத் தாளை மேலாளர் மேசையில் வைத்தாள். "இந்தப் பத்தொன்பதும் மூடுறதுக்கு முன்னாடி ஆரஞ்சுல இருந்துது சார். எல்லாத்தையும் திரும்பச் சோதிக்கணும். நான் பாக்காம விட்டதையும் சேத்து."

"ஞாயித்துக்கிழமை கூடவா உக்காந்தீங்க?" என்று மேலாளர் நெகிழ்ந்தார். தாளைப் படித்ததும் நெகிழ்ச்சி நின்றது. மேலாளர் வேலை தெரிந்தவர்.

பட்டியலில் பதினோராவது, 1,407-ஆம் குறிப்பு. 'நைட்ரேட், மூன்றாம் மீட்டர்: வரும் அளவிலிருந்து 4 கழிக்கவும். சரி.' அந்த மீட்டர் ஒரு காலத்தில் வெறும் தண்ணீருக்கே நாலு காட்டும். அதனால் கழித்தார்கள். பதினாலு மாதத்துக்கு முன்னால் அதன் விளக்கை மாற்றினார்கள். அதன்பிறகு வெறும் தண்ணீருக்குப் பூஜ்யம்தான் காட்டியது. ஆனால் கழிப்பதை யாரும் நிறுத்தவில்லை. குறிப்பில்தான் 'சரி' என்று இருக்கிறதே.

நைட்ரேட் நாற்பத்தைந்துக்கு மேல் போனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது. இந்தப் பதினாலு மாதத்தில் மூன்று கிணறுகளுக்கு 42, 43, 44 என்று சான்று போயிருந்தது. ஒன்று சின்னப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் கிணறு. மேலாளர் தானே போன் எடுத்து மூன்று இடத்திலும் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். வண்டி போய்ப் புதுப் புட்டிகளோடு திரும்பியது. ஒன்றரை மணிக்கு, இரண்டாம் மீட்டரில், 46, 47, 48. கடிதங்கள் அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று.

வேலை முடிந்தது. இனி, யாரால் ஆனது என்று முடிவு செய்ய வேண்டும்.

குட்டியை அறைக்குக் கூப்பிட்டார்கள். மூத்த ஆய்வாளர் சுவரோரமாக நின்றாள்.

"லேம்ப் மாத்தினப்பவே கழிக்க வேண்டாம்னு எனக்குத் தெரிஞ்சுது சார்," என்றாள் குட்டி. "உடனே ஆரஞ்சு போட்டேன்."

மேலாளர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "எங்க ஆரஞ்சு?"

வெள்ளையில் கறுப்பு எழுத்து.

"ஆப்புல இருந்துது சார்."

"ஆப் எங்க?"

குட்டி திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமேம்மா? மேடம் எழுதுற மாதிரி?"

"அக்கா எழுதினதை நான் எப்படி சார் திருத்துறது? சேர்ந்து மூணு மாசந்தான் ஆகியிருந்துது. ஆரஞ்சு போட்டா அக்கா பாத்துடுவாங்கன்னு நினைச்சேன். ஒரு வாரம் காத்திருந்தேன். அக்கா ஒண்ணும் சொல்லல. அப்ப நாந்தான் தப்பா அளந்துட்டேன் போலன்னு விட்டுட்டேன்."

"ஆரஞ்சு இருந்துது சார்," என்றாள் மூத்த ஆய்வாளர். "அந்தப் பட்டியல்லயே இருக்கு."

"நேத்து இருந்துது. ஒத்துக்கறேன்." மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "பதினாலு மாசமா இருந்திருந்தா உங்க கண்ணுக்குத் தப்பியிருக்குமா மேடம்? சனிக்கிழமை நீங்க இவகிட்ட ஆரஞ்சைப் பத்திப் போன்ல கேட்டிருக்கீங்க. உடனே போய் மாத்தியிருப்பா. இதுதான் எனக்குத் தோணுது."

குட்டியின் முகம் மாறியதை அவளால் பார்க்க முடிந்தது. சிவந்ததா வெளுத்ததா என்று மட்டும் தெரியவில்லை.

"அக்கா," என்றாள் குட்டி. "நீங்க சொல்லுங்கக்கா."

"இல்ல, பாத்துட்டு மறந்துட்டீங்களா?" என்றார் மேலாளர். "அப்படின்னாலும் சொல்லுங்க. மனுஷங்கதானே, மறதி இருக்குந்தான். பெரிசா ஒண்ணும் ஆகாது."

நல்ல வழி. அகலமான வழி. மறதிக்கு வேலை போகாது. ஆனால் 'பார்த்தேன்' என்று மறுபடி ஒரு கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள் மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு ஆகப் போகுது. வாங்க. இந்த விஷயத்தையே ஒரு உதாரணமா நான் சொல்லிடறேன். பேர் வேண்டாம். ஒரு பயிற்சி ஆய்வாளர்னு மட்டும் சொல்வேன்."

இந்த லேபையும் ஒன்பது கிளைகளையும் சேர்த்துப் பயிற்சி ஆய்வாளர்கள் இருவர். அதில் இங்கே இருப்பது குட்டி மட்டும்தான்.

சத்தம் இல்லாத இடம் என்று அவளைத் தராசு அறையில் உட்கார வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு, காற்றுப் புகாத கதவு, ஒரு மடிக்கணினி. மற்ற ஐந்து பேரும் கூட்ட அறையில். திரையில் அவர்கள் ஒரு கட்டம். கிளைகள் ஒன்பது கட்டம்.

மேலாளர் அவளுக்காகப் படங்கள் தயாரித்திருந்தார். முதல் படம் வந்ததும் கிளைகளில் சிரிப்பு. அவளுக்கு அது பழுப்புச் சதுரம். பிறகுதான் விளங்கியது, சிவப்பின்மேல் பச்சையில் ஏதோ எழுதியிருக்கிறார். மேலாளருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. அவள் படத்தை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்ததைப் பேசினாள். எந்தச் செயலியும் வாடகை வீடுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக வெளியே எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது, வேறொரு கணினியில் திறந்து, வேறொரு ஆளைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த ஆளுக்கு என்ன விளங்கவில்லையோ அதுதான் உங்கள் பெட்டியில் ஏறாமல் விட்டுப்போன சாமான். அர்த்தத்தை நிறத்தில் வைக்காதீர்கள்.

தலையாட்டினார்கள். சிலர் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு எல்லோருடைய ஒலிவாங்கியையும் அடைத்துவிட்டு மேலாளர் உதாரணத்தைச் சொன்னார். நிறத்தை மட்டும் நம்பிய ஒரு பயிற்சி ஆய்வாளர். நிறம் எப்போது போட்டது என்றுகூட உறுதியில்லை. கூட்ட அறைக் கட்டத்தில் குட்டி குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மீட்டர்காரர், முதல் தடவையாக எந்தக் கிண்டலும் இல்லாமல்.

"கேள்வி ஏதாவது?" என்றார் மேலாளர்.

ஆறாவது கிளையிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் கை தூக்கினார். "மேடம், ஒரே ஒரு கேள்வி. ஆறு வருஷத்துக்கு முன்னாடி, எல்லாரும் கலரே போதும்னு இருந்தப்ப, உங்களுக்கு மட்டும் பக்கத்துல ஒரு வார்த்தை எழுதணும்னு எப்படித் தோணிச்சு?"

அவள் பதில் சொன்னாள். முழுவதும் சொன்னாள். மூடாத பெட்டிக்குள் தராசின் கடைசி இலக்கம் அவள் மூச்சுக்கு ஆடியது. சொல்லி முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பத்துக் கட்டங்களிலும் அதே சிரித்த முகங்கள், அப்படியே காத்திருந்தன.

"மேடம், மியூட்ல இருக்கீங்க," என்றார் மேலாளர்.

ஒலிவாங்கியின் பொத்தான் அடைத்திருந்தால் சிவப்பு, திறந்திருந்தால் பச்சை. வேறு அடையாளம் ஏதும் கிடையாது.

யாருக்கும் கேட்கவில்லை. சொன்னது எதுவும் இந்த அறையைத் தாண்டவில்லை. 'பழக்கம்' என்று ஒரு சொல் கைவசம் தயாராக இருந்தது. ஆறு வருடமாக நன்றாக வேலை செய்கிற சொல். கூட்ட அறைக் கட்டத்தில் குட்டி தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"இப்பக் கேக்குதா?"

"கேக்குது மேடம்," என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

"சார், 1,407-ல குட்டி ஆரஞ்சு போட்டது நிஜம். பதினாலு மாசமா அது அங்கதான் இருந்துது. நான் பாக்கல," என்றாள். "எனக்குச் சிவப்பும் பச்சையும் ஆரஞ்சும் பிரிச்சுத் தெரியாது. பொறந்ததுல இருந்தே தெரியாது. அதனாலதான் வார்த்தை எழுதினேன்."